ஐந்து சென்ட் படுக்கை: நியூயார்க்கின் ஒண்டுக் குடித்தனங்களும் அவற்றின் சாட்சிகளும்

நியூயார்க் நகரத்தின் கீழைக்கோடியில், கடல் கடந்து வந்த ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியிலே, பேயார்டு தெரு இருக்கிறது. 1880களின் இறுதியில் ஓர் இரவு, ஊர் உறங்கிய பின்னர், சுகாதாரச் சோதனைக்குச் சென்ற போலீஸாரோடு ஒரு பத்திரிகை நிருபரும் அத்தெருவின் அடுக்குக் கட்டடம் ஒன்றினுள் நுழைந்தார். எந்தப் பக்கம் அளந்தாலும் 13 அடி வராத ஓர் அறையில், மண்ணெண்ணெய் விளக்கு மங்கி எரிய, ஆணும் பெண்ணுமாக 12 பேர் படுத்திருந்தார்கள். சுவரை ஒட்டி அடித்திருந்த பலகைத் தட்டுகளில் இரண்டு மூன்று பேர், மற்றவர்கள் தரையில். ஓரிரவு அங்கே உடம்பைச் சாய்க்கக் கூலி 5 சென்ட். அத்தகைய அறையொன்றில் படம் பிடிப்பதற்காக அவர் ஒளிப்பொடியைக் கொளுத்தியபோது கண்ணைப் பறிக்கும் வெண்ணொளி எழுந்து அணைந்தது. அந்தக் கணத்தில் கண்ணாடித் தகட்டில் படிந்த காட்சி இன்றும் நம்முன் நிற்கிறது. கசங்கிய போர்வைகள், மூட்டை முடிச்சுகள், கழற்றி வைத்த பூட்ஸுகள், அடுப்பருகே பாத்திரங்கள், உறக்கத்தின் நடுவே திடுக்கிட்டு ஒளிக்குக் கூசி நிற்கும் ஒரு மனிதனின் கண்.

அந்த நிருபரின் பெயர் ஜேக்கப் ரீஸ். ஏழைகளின் இருப்பிடத்தைப் பற்றிய ஆதாரங்களைத் திரட்டி, அவற்றைக் கொண்டு ஒரு நகரத்தின் சட்டத்தையே மாற்ற முடியும் என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டிய சிலருள் அவரும் ஒருவர். ஆயினும் அந்தப் படத்தைப் பார்க்குந்தோறும், இந்த ஆதாரங்கள் எதைச் சாதித்தன என்பதோடு, எதைச் சொல்லாமல் விட்டன என்பதையும் ஆராய வேண்டும் என்ற எண்ணமே எனக்கு எழுகிறது. ஓர் ஏழையின் வாழ்வுக்குச் சாட்சி சொல்ல முன்வருபவன் எண்ணிக் கணக்கிட வேண்டும், கண்டு காட்ட வேண்டும், அவ்வேழை சொல்வதைக் கேட்கவும் வேண்டும். நியூயார்க்கில் இம்மூன்றும் அந்த வரிசையிலேயே நிகழ்ந்தன. கடைசியாக நிகழவேண்டியது எது என்று கேட்டால், கடைசியாக நிகழ்ந்தது அன்று என்பதே என் துணிபு.

அடுப்பைக் கொண்டு அளந்த வீடு

நம் பட்டணங்களில் ஒரே வீட்டைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டு, பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து, பொது முற்றத்தில் துணி உலர்த்தி வாழும் வாழ்க்கையை ஒண்டுக் குடித்தனம் என்கிறோம். அதை அமெரிக்கர் டெனிமெண்ட் என்ற சொல்லால் குறித்தனர். 1867ஆம் வருஷத்து நியூயார்க் சட்டம் அச்சொல்லுக்கு இலக்கணம் வகுத்தபோது, மூன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒன்றையொன்று சாராமல் வாழ்ந்து, அவ்விடத்திலேயே தத்தமக்குச் சமைத்துக்கொள்ளும் வீடு என்றது. கல்லையும் மரத்தையும் விட்டுவிட்டு, உள்ளே எத்தனை அடுப்பு எரிகிறது என்பதைக் கொண்டு வீட்டை வகைப்படுத்திய அந்த இலக்கணம் கூர்மையானது. ஏனெனில் அக்கட்டடங்களின் துன்பம் முழுவதும், ஓர் அடுப்புக்கு இடமிருந்த இடத்தில் நான்கு அடுப்பை வைத்ததனால் விளைந்ததே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், துறைமுகத்தை அடுத்திருந்த வணிகப் பெருமக்கள் நகரத்தின் வடபகுதிக்குக் குடிபெயர்ந்தபோது, அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளின் கூடங்கள் தடுக்கப்பட்டு அறைகளாயின. அறைகள் மீண்டும் தடுக்கப்பட்டு இருட்டறைகளாயின. தோட்டமாக இருந்த கொல்லைப்புறத்தில் இன்னொரு கட்டடம் எழுந்தது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் துரத்தப்பட்ட அயர்லாந்து மக்களும், 1848க்குப் பின் வந்த ஜெர்மானியரும், 1881 முதல் ரஷ்யப் பேரரசில் மூண்ட கொடுமைகளுக்குத் தப்பிவந்த யூதரும், தென் இத்தாலியின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்த விவசாயிகளும் ஒருவர்பின் ஒருவராக அவ்வறைகளில் குடியேறினர். வேலை கிடைக்கும் இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வசிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. அக்கட்டாயமே வீட்டுக்காரருக்கு மூலதனமாயிற்று.

1811இல் நகரத்துக்கு வகுத்த திட்டப்படி, மனைகள் பொதுவாக 25 அடி அகலமும் 100 அடி நீளமுமாக அமைந்தன. தனிக்குடும்பத்தின் வீட்டுக்கு ஏற்ற அந்த அளவில் இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்களை அடைக்க முயன்றபோது, நடுவிலுள்ள அறைகளுக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? இக்கேள்விக்கு விடைகாண ஒரு பத்திரிகை சிறந்த கட்டட வரைபடத்துக்குப் போட்டி நடத்தி, 1879இல் ஜேம்ஸ் வேர் என்ற கட்டடச் சிற்பியின் திட்டத்துக்குப் பரிசளித்தது. இரு முனைகளும் பருத்து இடை சிறுத்த தேகப்பயிற்சிக் கருவியை ஒத்திருந்தமையால் அவ்வகை வீட்டுக்கு டம்பெல் வீடு என்ற பெயர் வழங்கிற்று. ஒரு மாடிக்கு 14 அறைகள், நான்கு குடும்பங்கள். மாடிப்படியருகே பொதுக் கழிப்பறை இரண்டு. 14 அறைகளில் தெருவையோ கொல்லையையோ நேரே நோக்கியவை நான்கே. எஞ்சிய பத்தும், ஒவ்வொரு கட்டடமும் தன் பக்கத்தில் சுமார் 28 அங்குலம் விட்டுக்கொடுத்து உண்டான இடுக்கைப் பார்த்தே திறந்தன.

காற்றுக்கென்று விடப்பட்ட அந்த இடுக்கு நடைமுறையில் என்னவாயிற்று என்பதைப் பிற்கால விசாரணைகள் விரிவாகக் கூறுகின்றன. ஐந்து மாடி இறங்கிக் குப்பை கொட்ட முடியாதவர்கள் சன்னல் வழியே எறிந்தவை அடியில் சேர்ந்து அழுகின. கீழ்வீட்டில் தீப்பிடித்தால் அவ்விடுக்கே புகைபோக்கியாகி மேல்வீடுகளுக்கு நெருப்பை ஏற்றிச்சென்றது. ஒரு வீட்டுச் சண்டையும் இருமலும் பிரசவ வேதனையும் எதிர்வீட்டுக்குக் கேட்டன. நன்மை கருதிச் செய்த சீர்திருத்தம், அளவில் தவறினால் எவ்வாறு தீமையாக முதிரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

வீடே தொழிற்சாலையாகவும் இருந்தது என்பதை மறத்தலாகாது. யூதக் குடும்பங்கள் அரைக்கால் சட்டைகளை டஜன் கணக்கில் தைத்தன. இஸ்திரிப் பெட்டி சூடேற அடுப்பு ஜூலை மாதத்திலும் எரிந்துகொண்டிருந்தது. பொஹீமியாவிலிருந்து வந்தோர் சுருட்டுச் சுற்றினர். அவர்களில் பலருக்கு வேலை கொடுத்த முதலாளியே வீட்டுக்காரனாகவும் இருந்தமையால், கூலியாக வந்த பணம் வாடகையாக அவனிடமே திரும்பிச் சென்றது. குடியிருக்கும் அறையில் சுருட்டுச் சுற்றுதலைத் தடை செய்து 1884இல் இயற்றிய சட்டம், தொழிலாளியின் சுதந்திரத்திலும் சொத்துரிமையிலும் தலையிடுகிறதென்று 1885இல் மாநில உயர்நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. குழந்தை உறங்கும் கட்டிலுக்கடியில் புகையிலை உலர்வதைத் தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்பதே அத்தீர்ப்பின் நடைமுறை விளைவு. இத்தகைய கருத்து ஆட்சி செலுத்திய காலத்தில், வீட்டுக்குள் நடப்பதைப் பொதுமக்கள் விஷயமாக்குவதற்கு வலிய சாட்சியம் தேவைப்பட்டது.

எண்ணியவர்கள்

முதலில் எண்ணியவர்கள் மருத்துவர்கள். நகரசபையின் அதிகாரியாக 1842இல் பணிபுரிந்த ஜான் கிரிஸ்கம் என்ற மருத்துவர், மரணக் கணக்குகளை ஆராய்ந்து, ஏழைகளின் நோய்க்கு அவர்கள் ஒழுக்கத்தைக் குறைகூறுவது தகாது, அவர்கள் வாழும் நிலவறைகளும் காற்றில்லாக் கொட்டடிகளுமே காரணம் என்று எழுதினார். 1845இல் அது நூலாக வெளிவந்தது. வறுமை ஒரு பாவத்தின் தண்டனை என்று பிரசங்க மேடைகள் முழங்கிய காலத்தில் அது துணிவான வாதம். இருபது வருஷம் கழித்து, 1865இல், குடிமக்கள் சங்கமொன்று அமைத்த சுகாதாரக் குழுவின் மருத்துவர்கள் நகரத்தை வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று, 15,000க்கு மேற்பட்ட டெனிமெண்ட் வீடுகளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் வாழ்வதைக் கணக்கிட்டு அறிக்கை வெளியிட்டார்கள். மறுவருஷமே நகரத்துக்கு அதிகாரமுள்ள சுகாதார வாரியம் ஏற்பட்டது. அதற்கடுத்த வருஷம், முன்னே கூறிய 1867ஆம் வருஷச் சட்டம் வந்தது. 20 பேருக்கு ஒரு கழிப்பிடமேனும் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அதைச் சலுகையாகக் கருதிய நிலையிலிருந்தே முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அறிக்கை என்பது படிப்பவனை நாடி நிற்கும் ஒன்று. நகரத்தின் மேல்பகுதியில் வாழ்ந்தோர் அதைத் தேடிப் படிக்கவில்லை. 1890 வாக்கில் டெனிமெண்ட் வீடுகளின் எண்ணிக்கை 37,000ஐத் தாண்டி, அவற்றில் வாழ்ந்தோர் 12 லட்சத்துக்கும் அதிகமாயினர். நகர மக்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர். அவர்களைப் பற்றி மற்ற ஒரு பங்கினர் அறிந்தது சொற்பம்.

காட்டியவர்

ரீஸ் டென்மார்க்கிலுள்ள ரீபே என்ற பழைய ஊரில் 1849இல் ஒரு பள்ளி ஆசிரியருக்கு மகனாகப் பிறந்தவர். தச்சுத்தொழில் கற்று, 1870இல், 21 வயதில், அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வேலை நிலைக்கவில்லை. பசியோடு திரிந்த நாட்களில், வீடற்றவர்களை இரவில் தங்கவைக்கும் போலீஸ் நிலையக் கொட்டடி ஒன்றில் மழைக்கு ஒதுங்கினார். அவரைப் பின்தொடர்ந்து வந்த தெருநாய் ஒன்று வாசலில் காத்திருந்தது. உறங்கும்போது அவருடைய தங்கப் பதக்கத்தை எவனோ திருடிவிட்டான். முறையிட்டபோது அதிகாரி நம்ப மறுத்து வெளியே தள்ளச் சொன்னான். தம் தோழருக்காகச் சீறிய நாயை, ஒரு காவலன் அவர் கண்ணெதிரே படியில் அடித்துக் கொன்றான். தம் வாழ்நாளின் இறுதிவரை அந்த இரவை அவர் மறக்கவில்லை.

1877 முதல் அவர் போலீஸ் நிருபராக, மல்பெரி தெருவில் போலீஸ் தலைமை நிலையத்துக்கு எதிரேயிருந்த அலுவலகத்தில் பணிபுரிந்தார். இரவு முழுவதும் கொலை, தீ, தற்கொலை ஆகிய செய்திகளைத் தேடி அலைந்து, விடியற்காலையில் அந்த வட்டாரத்தின் சந்துகள் வழியே நடந்து வீடு திரும்புவார். கண்டதை எழுதினார், எழுத்து யாரையும் அசைக்கவில்லை. இருளைக் காட்ட இருளுக்குள்ளேயே ஒளி வேண்டுமே என்று ஏங்கியிருந்தவர், 1887இல் ஒரு காலை, மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி இரவிலும் படம் பிடிக்கும் வழியை ஜெர்மனியில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற நான்குவரிச் செய்தியைப் பத்திரிகையில் படித்தார். சுகாதார இலாகாவில் பிறப்பு இறப்புக் கணக்குப் பகுதியில் இருந்த டாக்டர் ஜான் நேகிள் என்ற நண்பரையும், படம் பிடிப்பதில் ஆர்வமுள்ள வேறு இருவரையும் கூட்டிக்கொண்டு இரவு வேட்டைக்குப் புறப்பட்டார். பின்னர் 25 டாலருக்குச் சொந்தமாக ஒரு காமிரா வாங்கினார்.

முதலில் அவர்கள் பயன்படுத்திய கருவி கைத்துப்பாக்கி போன்றது. வெடியோசையுடன் ஒளி கக்கும். நள்ளிரவில் துப்பாக்கியும் கையுமாக நுழையும் அந்நியரைக் கண்டு மக்கள் சன்னல் வழியே தப்பியோடினர். அதன்பின் ரீஸ் பொரிக்கும் வாணலி ஒன்றில் பொடியைப் பரப்பிக் கொளுத்தலானார். இருமுறை, தாம் படம் பிடிக்கச் சென்ற இடத்திலேயே தீப்பற்றிக்கொண்டது. கண்பார்வையற்றோர் சிலர் வாழ்ந்த ஓர் அறையில், அவர்கள் அறியாமலே சுவரில் பற்றிய நெருப்பை ஒற்றை ஆளாக அடித்து அணைத்தார். விளக்கேந்திச் செல்பவன் நெருப்பையும் ஏந்திச் செல்கிறான் என்ற உண்மையை அந்நிகழ்ச்சி எனக்கு நினைவூட்டுகிறது; இதன் பொருளுக்குப் பின்னர் வருவேன்.

1888 ஜனவரியில், ஒளிவிளக்கு மூலம் திரையில் படங்களைக் காட்டி முதல் சொற்பொழிவை நிகழ்த்தினார். அதுவரை எண்ணாக மட்டுமே அறிந்திருந்த மக்கள் ஆளுயரத்துக்குத் திரையில் தோன்றியபோது அவையினர் விம்மினர் என்கிறார்கள். 1889 டிசம்பரில் ஸ்கிரிப்னர் மாதப் பத்திரிகையில் கட்டுரை. 1890இல் 'மறுபாதியினர் வாழும் விதம்' என்று பொருள்படும் தலைப்புடைய நூல். புகைப்படத்தை நேராக அச்சிடும் முறை அன்று புதிது. ஆகவே நூலில் சில படங்கள் புகைப்படங்களாகவும், மற்றவை அவற்றைப் பார்த்து வரைந்த சித்திரங்களாகவும் வந்தன.

விளைவுகள் நூலோடு நின்றுவிடவில்லை. அவர் பலகாலம் போராடிய மல்பெரி வளைவு என்னும் நெருக்கடிமிக்க பகுதி 1895இல் இடிக்கப்பட்டு, 1897இல் அவ்விடத்தில் பூங்கா திறக்கப்பட்டது. அவ்விழாவுக்கு அவரை அழைக்க மறந்துபோனார்கள்; அவர் கூட்டத்தின் நடுவே நின்று பார்த்தார். போலீஸ் ஆணையராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் அவரோடு இரவில் நடந்து, வீடற்றோர் கொட்டடிகளை நேரில் கண்டு, 1896இல் அவற்றை மூடச் செய்தார். 1891இல், நகரத்தின் குடிநீர் வரும் ஆற்றுப்படுகையில் கழிவுகள் கலப்பதைப் படத்தோடு வெளியிட்டதன் விளைவாக, நீர்நிலைகளின் கரை நிலங்களை நகரம் விலைக்கு வாங்கிக் காக்க முன்வந்தது.

அட்டையில் எழுந்த ஒரு தெருக்கட்டு

படம் மனத்தை உருக்கிற்று; ஆனால் சட்டமன்றத்தில் வீட்டுக்காரரின் வழக்கறிஞருக்குப் பதில் சொல்ல உருக்கம் போதாது. இக்குறையை நிரப்பியவர் லாரன்ஸ் வீலர் என்ற இளைஞர். தர்ம ஸ்தாபனங்களின் சங்கம் ஒன்றின் சார்பில் அவர் 1900 பிப்ரவரியில் நடத்திய டெனிமெண்ட் கண்காட்சியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட புகைப்படங்களும், எந்த வீட்டில் க்ஷயரோகி இருந்தான், எந்த வீட்டார் தருமம் கேட்டார்கள் என்பதைக் கரும்புள்ளிகளால் குறித்த தேசப்படங்களும் இருந்தன. பார்வையாளர் பெரிதும் நின்று நோக்கியது அட்டையால் செய்த ஒரு மாதிரி: கிறிஸ்டி, ஃபார்ஸைத், கனால், பேயார்டு ஆகிய நான்கு தெருக்களுக்கு இடைப்பட்ட ஒரு கட்டு, வீடு தவறாமல், சன்னல் தவறாமல் எழுப்பப்பட்டிருந்தது. அதனருகே வைத்த குறிப்பு: 39 வீடுகள், 605 குடித்தனங்கள், 2,781 மக்கள், அவர்களுள் ஐந்து வயதுக்குட்பட்டோர் 466, கழிப்பிடங்கள் 264, வெந்நீர் வரும் குடித்தனங்கள் 40, ஸ்நான அறை ஒன்றுகூட இல்லை.

மேலிருந்து குனிந்து பார்ப்பவனுக்கு, அந்த மாதிரியில் கட்டடங்களுக்கிடையே இருந்த இடுக்குகள் கத்தியால் கீறிய கோடுகளாகவே தெரிந்திருக்கும். வாயால் விவரிக்க ஒரு மணிநேரம் ஆகும் விஷயத்தை அக்கோடு ஒரு நொடியில் சொல்லிற்று. அவ்வருஷமே, அப்போது மாநில ஆளுநராயிருந்த ரூஸ்வெல்ட் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தார். ராபர்ட் டி ஃபாரஸ்ட் தலைவர், வீலர் காரியதரிசி. 1901 ஏப்ரலில் புதிய டெனிமெண்ட் சட்டம் நிறைவேறியது. இனிக் கட்டும் வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் வெளியே திறக்கும் சன்னல், இடுக்குக்குப் பதிலாக முற்றம், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கழிப்பறை. பழைய வீடுகளிலோ, இருட்டறையின் சுவரை உடைத்து அடுத்த அறைக்கேனும் ஒரு சன்னல். இவற்றை நிறைவேற்றத் தனி இலாகா ஒன்றும் அமைந்தது. கணக்கும் படமும் கைகோத்துச் சென்றபோது, கிரிஸ்கம் தனியே எழுதியபோது கிட்டாத பலன் கிட்டிற்று.

விளக்கேந்தியவன் நெருப்பும் ஏந்தினான்

இத்தனை நன்மை செய்த மனிதரின் குறையைப் பேசுவது மனத்துக்கு வருத்தம் தருவதாயினும், ஆய்வு என்ற பெயரில் எழுதுபவன் அதைத் தவிர்க்கலாகாது. ரீஸின் நூல் மக்களை இனம் இனமாகப் பிரித்து, இத்தாலியர் இப்படி, யூதர் இப்படி என்று குணம் கற்பிக்கிறது; சீனரைப் பற்றிய அத்தியாயத்தில் வெளிப்படும் வெறுப்பு, தாமே வந்தேறியாகப் பட்டினி கிடந்த ஒருவரின் பேனாவிலிருந்து வந்ததோ என்று திகைக்க வைக்கிறது. அதே நூலில், கறுப்பின மக்களிடம் ஒரே வகை வீட்டுக்கு வெள்ளையரைவிட அதிக வாடகை பறிக்கப்படும் அநீதியையும் அவர் தெளிவாக எடுத்துக் காட்டுகிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கண் நேர்மையாகக் கண்டது. கேட்டறியாத இடத்தைக் காலத்தின் துவேஷம் நிரப்பிக்கொண்டது.

பேயார்டு தெருவில் உறங்கியவர்களை அவர் எழுப்பிக் கேட்கவில்லை. போலீஸாரின் முதுகுக்குப் பின்னால் நின்று, அனுமதி பெறாமல், ஒளியை வீசிவிட்டுச் சென்றார். அவ்வேழைகள் உறக்கத்தில், பசியில், அழுக்கில் நமக்குத் தெரிகிறார்கள். எதிர்த்துப் பேசுவோராக, திட்டமிடுவோராக, சிரிப்போராகத் தெரிவதில்லை. 1892இல் எழுதிய குழந்தைகளைப் பற்றிய நூலில் ஒருமுறை இதற்கு விலக்கு நேர்ந்தது: தாயற்ற குடும்பத்துக்குச் சமைத்துத் துடைத்துப் பாதுகாத்த ஒன்பது வயதுச் சிறுமியிடம், என்ன வேலை செய்கிறாய் என்று அவர் கேட்க, தான் தேய்த்துக் கழுவுகிறவள் என்று அவள் நிதானமாகச் சொன்னதைப் பதிவு செய்தார். கைகோத்து நேராக நம்மை நோக்கி நிற்கும் அந்தச் சிறுமியின் படம், அவருடைய மற்ற எல்லாப் படங்களிலிருந்தும் வேறாக நிற்பதன் காரணம், ஒளியை ஏற்றுமுன் ஒரு கேள்வி கேட்கப்பட்டது என்பதே.

பின்வந்தோர் இதை உணர்ந்தார்கள். லில்லியன் வால்ட் என்ற செவிலி, 1893இல் கீழ்ப்பகுதிப் பெண்களுக்கு நோயாளி பராமரிப்புப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமி வந்து தன் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று அழைக்க, சேற்றுச் சந்துகள் வழியே அவளைப் பின்தொடர்ந்து சென்றார். ஏழு பேர் கொண்ட குடும்பமும் அவர்களோடு தங்கிய கூலியாட்களும் வாழ்ந்த இரண்டு அறைகளில், பிரசவத்துக்குப்பின் இரத்தம் சிந்தியபடி ஒரு பெண் கிடந்தாள். அவளைக் கழுவித் துடைத்துப் படுக்கையைச் சீர்செய்த பின்னர், வால்ட் அப்பகுதியிலேயே குடிபுகுந்தார். ஏழைகளிடையே தங்கிப் பணிசெய்யும் ஹென்றி தெரு இல்லம் அவ்வாறு பிறந்தது. 1908 முதல் குழந்தைத் தொழிலை எதிர்த்த தேசியக் குழுவுக்காகப் படமெடுத்த லூயிஸ் ஹைன், இரவில் செயற்கைப் பூக்கட்டும் குடும்பத்தின் மேஜையருகே நின்று, குழந்தையின் வயதையும் கிடைக்கும் கூலியையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் படங்களில் மக்கள் பெரும்பாலும் காமிராவை நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

உள்ளிருந்து எழுந்த குரல்

ஆனால் கேட்கப்படுவதற்காக அம்மக்கள் காத்திருந்தார்கள் என்று எண்ணுவதும் பிழையே. ரீஸின் கைக்கு எட்டாத மொழியில், இத்திஷ் என்ற யூதர் பேச்சுமொழியில், அவர்கள் தம்மைத் தாமே இடைவிடாமல் பதிந்துகொண்டிருந்தார்கள். ஆபிரகாம் காஹன் ஆசிரியராயிருந்த ஃபார்வர்ட்ஸ் நாளிதழ், 1906இல் 'கடிதக் கட்டு' என்று பொருள்படும் ஒரு பகுதியைத் தொடங்கிற்று. கணவன் விட்டுப்போனவள், ஊரில் விட்டுவந்த தாய்க்குப் பணம் அனுப்ப இயலாதவன், வேற்று மதத்தவரை விரும்பியவன், வேலைநிறுத்தத்தில் சேரலாமா என்று தவிப்பவன் ஆகியோர் தம் நெஞ்சத்தை எழுதியனுப்பினர். ஆசிரியர் பதில் கூறினார். அறையின் நீள அகலம் அக்கடிதங்களில் கிடைக்காது. அந்த அறைக்குள் ஒரு மனிதன் எதற்காக விழித்திருந்தான் என்பது கிடைக்கும்.

ரோஸ் கோஹன், 1892இல் 12 வயதுச் சிறுமியாக வந்து, தந்தையோடு தையற்கூடத்தில் உழைத்தவள், 1918இல் தன் வாழ்க்கையை ஆங்கிலத்தில் நூலாக எழுதினாள். வீலரின் அட்டை மாதிரியில் ஒரு சதுரமாகத் தெரிந்த இடம் அவளுடைய நூலில் வெட்கமும் ஆசையும் தந்தை மகள் பிணக்கும் நிறைந்த வீடாகிறது. இதுவன்றி, அம்மக்கள் செய்துகாட்டிய காரியங்களும் ஒருவகைச் சாட்சியமே. 1902இல் இறைச்சி விலை பவுண்டுக்கு 12 சென்ட்டிலிருந்து 18 சென்ட்டாக ஏறியபோது, கீழ்ப்பகுதி இல்லத்தரசிகள் வீடுவீடாகச் சென்று கடைகளைப் பகிஷ்கரிக்கச் செய்தார்கள். 1907 இறுதியில் வாடகை உயர்ந்தபோது, பாலீன் நியூமன் என்ற இளம்பெண் தொழிலாளி முன்னின்று நடத்திய வாடகை மறுப்பில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்தன. சட்டம் ஒரு சன்னலைத் தரலாம். அந்தச் சன்னலுக்கு எவ்வளவு வாடகை கொடுப்பது நியாயம் என்ற கேள்வியை இப்பெண்களே எழுப்பினார்கள். குனிந்து தைக்கும் கைகளை மட்டும் படத்தில் கண்டவர் இந்நிகழ்ச்சியை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

சுவரிலே ஒரு சன்னல்

ரீஸ் 1914இல் மறைந்தார். அவருடைய கண்ணாடித் தகடுகள் பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்து, 1940களில் அலெக்ஸாண்டர் ஆலண்ட் என்ற புகைப்படக்காரரின் விடாமுயற்சியால் கண்டெடுக்கப்பட்டு, நகரத்தின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1947இல் அவற்றிலிருந்து கண்காட்சி நடந்தது. ஆவணத்தைத் தேடுபவன் இல்லையேல் ஆவணமும் மரித்துப்போகும்.

அதே வட்டாரத்தில், ஆர்ச்சர்டு தெரு 97ஆம் எண்ணில், 1863இல் ஒரு ஜெர்மானியத் தையற்காரர் கட்டிய டெனிமெண்ட் வீடு இன்றும் நிற்கிறது. தீத்தடுப்புக்காகச் சட்டம் கேட்ட மாறுதல்களைச் செய்ய மனமில்லாத வீட்டுக்காரர், 1935இல் குடியிருந்தோரை வெளியேற்றி மேல்மாடிகளைப் பூட்டினார். கீழே கடைகள் மட்டும் நடந்தன. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1988இல், குடியேறியோரின் வாழ்வைக் காட்ட ஒரு வீடு தேடிவந்த ரூத் ஏப்ரம், அனிதா ஜேக்கப்சன் என்ற இரு பெண்மணிகள் அதைக் கண்டார்கள். அது இப்போது டெனிமெண்ட் அருங்காட்சியகம். 1863 முதல் 1935 வரை இருபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த சுமார் 7,000 பேர் அந்த ஒரு வீட்டில் வாழ்ந்திருக்கிறார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். குடிக்கணக்கு, நீதிமன்ற ஏடு, மரணப் பதிவு ஆகியவற்றைத் துருவியும், குழந்தைகளாக அங்கே வளர்ந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டும், அறை அறையாக அவர்கள் பெயரை மீட்டிருக்கிறார்கள். அவ்வீட்டின் உட்சுவர்களில், அறைக்கும் அறைக்கும் நடுவே வெட்டப்பட்ட சன்னல்கள் இருக்கின்றன. வானத்தைக் காணாத அறைக்கு, தெருவைக் காணும் அறையிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் கசிய வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியதன் விளைவு அவை. அந்தச் சன்னலை மருத்துவரின் கணக்கும் நிருபரின் படமும் அட்டை மாதிரியும் சேர்ந்தே திறந்தன என்பதில் ஐயமில்லை.

ஆர்ச்சர்டு தெருவில் வாழ்ந்தோரின் பெயர்கள் நமக்குக் கிடைத்துவிட்டன; பேயார்டு தெருவில் உறங்கிய அந்த 12 பேரின் பெயர்கள் கிடைக்கவில்லை. கேட்டறிந்த சாட்சிக்கும் கண்டு மட்டும் காட்டிய சாட்சிக்கும் உள்ள வேற்றுமை அதுவே. இன்றும் உலகத்தின் எந்தப் பட்டணத்திலும், பிழைப்புத் தேடி வந்தவர்கள் ஓர் அறையில் பத்துப் பேராக முறைவைத்து உறங்கும் இடங்கள் உண்டு. அங்கே காமிராவோடும் கணக்கேட்டோடும் செல்லும் அன்பர்களும் உண்டு. அவர்கள் செல்லத்தான் வேண்டும். சென்றால், கதவைத் தட்டட்டும். விளக்கை ஏற்றுமுன் உள்ளே இருப்பவரின் பெயரைக் கேட்கட்டும். ஊர் எது, வேலை எது, விடிந்ததும் எங்கே போக வேண்டும், இந்த அறையில் எதை மாற்ற விரும்புகிறீர் என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ளட்டும். அவ்வாறு கேட்டிருந்தால், ஒளிக்குக் கூசிய அந்த மனிதனும் தன் பெயரோடு நம்மிடம் வந்து சேர்ந்திருப்பான்.